நிறையும் வெளியும்: திருக்கோவிலூர் இடைகழியை முன்வைத்து ஈர்ப்பு பற்றிய ஒரு சொற்பொருள் விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஈர்ப்பைப் பற்றித் தமிழில் எழுதுவோர் நிறை, எடை, வெளி, ஈர்ப்பு ஆகிய நான்கு சொற்களைத் தவிர்க்க இயலாது. இவற்றுள் ‘நிறை’ தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஒரு பொருளிலும் இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் வேறொரு பொருளிலும் வழங்குகிறது. ‘ஈர்ப்பு’ என்னும் சொல்லோ நியூட்டனின் விளக்கத்தைத் தன் வேரிலேயே சுமந்து நிற்கிறது. ஈர்ப்புக்கும் நிறைக்கும் வெளிக்கும் உள்ள உறவைத் திருக்கோவிலூர், கல்வராயன் மலை, தென்னிந்தியக் கடல் ஆகிய இடங்களின் எடுத்துக்காட்டுகளால் விளக்கி, இச்சொற்கள் அவ்வுறவுக்கு எந்த அளவு பொருந்துகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஈர்ப்பு, நிறை, எடை, திணிவு, காலவெளி, கலைச்சொல்லாக்கம், திருக்கோவிலூர்.

முன்னுரை

தென்பெண்ணை ஆற்றங்கரையில் அமைந்த திருக்கோவிலூரின் வைணவ மரபில் இடைகழி நிகழ்ச்சி புகழ்பெற்றது. மழை பெய்த ஓர் இரவில் பொய்கையாழ்வார் மிருகண்டு முனிவர் ஆசிரமத்தின் இடைகழியில் ஒதுங்கிப் படுத்திருந்தார். பின்னர்ப் பூதத்தாழ்வார் வந்தார். ஒருவர் படுக்கலாம் என்றால் இருவர் அமரலாம் என்று இருவரும் அமர்ந்தனர். அடுத்துப் பேயாழ்வார் வர, மூவரும் நின்றனர். அந்நிலையில் நான்காமவர் ஒருவர் உள்ளே புகுந்து நெருக்குவதை அவர்கள் உணர்ந்தனர். ஆனால் கண்ணால் காண இயலவில்லை. முதல் மூன்று திருவந்தாதிகளும் இந்த நெருக்கத்திலிருந்தே பிறந்தன என்பது குருபரம்பரைச் செய்தி.

இந்நிகழ்ச்சியின் சமயப் பொருளை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. இதனை நவீன இயற்பியலின் முன்னறிவிப்பாகக் காட்டுவதும் அன்று. அவ்வகை ஒப்பீடுகள் இலக்கியத்துக்கும் நியாயம் செய்வதில்லை, அறிவியலுக்கும் நியாயம் செய்வதில்லை. ஆயினும் இக்கதை இடத்தைப் பற்றிய ஓர் எளிய கருத்தை ஏற்றுக்கொண்டு நடக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. இடம் என்பது ஒரு கொள்கலம். அதனுள் உடல்கள் புகலாம், நெருங்கலாம். ஆனால் உள்ளே இருப்பவர் யாராயினும் எத்தனை பேராயினும் இடைகழியின் நீளமும் அகலமும் மாறுவதில்லை. அவ்வூர்க் கோயிலில் ஓங்கி நிற்கும் உலகளந்த பெருமாளின் திருவடியும் அளப்பது இத்தகைய மாறாத இடத்தையே. நியூட்டன் 1687-இல் வெளியிட்ட பிரின்சிப்பியாவில் கொண்ட வெளியும் இத்தகையதே. ஐன்ஸ்டைன் 1915-இல் முழுமையாக்கிய கொள்கையில்தான் உள்ளிருக்கும் பொருள் கொள்கலத்தின் அளவையே மாற்றுகிறது.

நிறுத்தலும் எடுத்தலும்

வெளிக்குச் செல்வதற்கு முன் நிறையைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் தொகைமரபில் அளவுப்பெயர், நிறைப்பெயர் ஆகியவற்றுக்கு மொழிமுதலாக வரும் ஒன்பது எழுத்துகளைத் தனியே சொல்கிறார். அங்கே ‘நிறை’ நிறுத்து அறியப்படுவது. ‘அளவு’ முகந்து அறியப்படுவது. நன்னூல் நால்வகை அளவை என்று தொகுத்துச் சொல்ல, உரையாசிரியர்கள் அவற்றை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என விரிப்பர். தொல்காப்பியத்தில் நிறையாக இருந்தது இங்கே எடுத்தலளவை ஆகிறது. ஆக, ஒரே செயலுக்கு நிறுத்தல் என்றும் எடுத்தல் என்றும் இரு வினைகள் தமிழில் அமைந்தன. ஒன்றிலிருந்து நிறை பிறந்தது, மற்றொன்றிலிருந்து எடை பிறந்தது. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள் பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லால் நிறுத்துக் குறிக்கின்றன. அக்காலத்தில் நிறை வேறு, எடை வேறு என்று பிரிக்க எவருக்கும் தேவை எழவில்லை.

இயற்பியலுக்கு அத்தேவை உண்டு. ஒரு பொருளில் உள்ள பருப்பொருளின் அளவு ஒன்று. அப்பொருளைப் புவி இழுக்கும் விசை மற்றொன்று. முன்னது எங்கு சென்றாலும் மாறாது. பின்னது இடத்துக்கு இடம் மாறும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் முன்னதை நிறை என்றும் பின்னதை எடை என்றும் வழங்குகின்றன. பொருண்மை என்னும் சொல்லும் முன்னதற்கு உண்டு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் முன்னதைத் திணிவு என்றும் பின்னதை நிறை என்றும் வழங்குகின்றன.

சொற்கள் வெவ்வேறாக இருப்பதில் இடரில்லை. தமிழ்நாட்டின் முடுக்கம் இலங்கையில் ஆர்முடுகல். படிப்பவர் ஒருமுறை கேட்டறிந்தால் போதும். ஒரே சொல் இரு பொருளில் நிற்கும்போதுதான் இடர் தோன்றுகிறது, ஏனெனில் படிப்பவருக்கு ஐயமே எழுவதில்லை. ‘நிலவுக்குச் சென்றாலும் ஒரு பொருளின் நிறை மாறாது’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். விழுப்புரத்தில் அது பாடநூல் உண்மை. யாழ்ப்பாணத்தில் அது பிழை. அங்கே நிறை ஆறில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். வேகம் என்னும் சொல்லுக்கும் இந்நிலை உண்டு: தமிழ்நாட்டில் அது திசை கருதாதது; இலங்கையில் திசையோடு கூடியது. எனினும் ஈர்ப்பியலில் நிறையின் குழப்பமே பெரிது, ஏனெனில் நிறைக்கும் எடைக்கும் உள்ள உறவுதான் ஈர்ப்பின் மையச் சிக்கல்.

வேர்ச்சொல்லை நோக்கினால் தமிழ்நாட்டு வழக்குக்கு ஒரு நியாயம் உண்டு. நிறுத்தல் என்பது தராசுக்கோலை அசையாது நிற்கச் செய்தல். இரு தட்டுகளையும் புவி ஒரே விகிதத்தில் இழுப்பதால் புவியின் பங்கு கழிந்துவிடுகிறது. எஞ்சுவது பருப்பொருளின் ஒப்பீடு மட்டுமே. எனவே இருதட்டுத் தராசு நிலவிலும் அதே விடையைத் தரும். எடுத்தலோ கையால் தூக்குதல்; தூக்கும் கை உணர்வது விசை. சுருள்வில் தராசு செய்வதும் அதுவே. இலங்கை வழக்குக்கும் அதற்கே உரிய நியாயம் உண்டு. திணிதல் என்பது செறிந்து அடைதல்; புறநானூற்றின் இரண்டாம் பாடல் ஐம்பூதங்களைச் சொல்லும்போது நிலத்தை இவ்வினையோடு சேர்த்தே அறிமுகம் செய்கிறது. பருப்பொருளின் அளவுக்கு இதனினும் பொருத்தமான வினை தமிழில் கிடைப்பது அரிது.

மலைமேல் ஒரு மூட்டை

திருக்கோவிலூர்ச் சந்தையில் 50 கிலோகிராம் மல்லாட்டை மூட்டை ஒன்று மின்னணுத் தராசில் வைக்கப்படுகிறது எனக் கொள்வோம். இத்தராசு உணர்வது விசையையே. அவ்வூரின் ஈர்ப்புக்கு ஏற்பத் திருத்தப்பட்டிருப்பதால் அவ்விசையைக் கிலோகிராமாக மாற்றிக் காட்டுகிறது. அம்மூட்டையையும் அத்தராசையும் மேற்கே கல்வராயன் மலைக்குக் கொண்டுசென்று, சமவெளியிலிருந்து 800 மீட்டர் உயரத்தில் மீண்டும் நிறுத்தால் என்ன நிகழும்?

இங்கே இரண்டு விளைவுகள் ஒன்றையொன்று எதிர்க்கின்றன. புவியின் நடுவிலிருந்து தொலைவு கூடுவதால் ஈர்ப்புக் குறைகிறது. இதனால் மட்டும் ஏறத்தாழ 12.5 கிராம் குறைவாகக் காட்ட வேண்டும். ஆனால் மூட்டைக்கும் சமவெளி மட்டத்துக்கும் இடையே இப்போது 800 மீட்டர் பாறை நிற்கிறது. அப்பாறைக்கும் நிறை உண்டு. அதுவும் மூட்டையைக் கீழே இழுக்கிறது. பாறையின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 2,670 கிலோகிராம் எனவும், மலையைப் பரந்த மேடை எனவும் எளிமையாகக் கொண்டால், மலை திருப்பித் தருவது ஏறத்தாழ 4.5 கிராம். எஞ்சும் குறைவு 8 கிராம். சந்தைத் தராசின் கண்ணுக்கு இது அநேகமாகத் தப்பிவிடும். புவியீர்ப்பு அளவிமானிக்கு இது மிகப் பெரிய அளவு. அதே தராசை வடதுருவத்துக்குக் கொண்டுசென்றால் ஏறத்தாழ 250 கிராம் கூடுதலாகக் காட்டும். புவி துருவங்களில் தட்டையாக இருப்பதும், நிலநடுக்கோட்டுப் பகுதி சுழற்சியால் சற்று விடுபட்டு நிற்பதும் இதற்குக் காரணங்கள். மூட்டையில் ஒரு மணி கூடவில்லை, குறையவில்லை.

மலை இழுக்கிறது என்பது தென்னிந்திய நில அளவையின் வரலாற்றோடும் தொடர்புடையது. வில்லியம் லாம்ப்டன் 1802-இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்தார். அதனையடுத்துச் சோழமண்டலக் கரையில் அவர் அளந்த முதல் நெடுவரைவில்லின் தென்முனை கடலூரை ஒட்டிய திருவந்திபுரம். நடுநாட்டின் திவ்விய தேசங்கள் இரண்டே. ஒன்று திருக்கோவிலூர், மற்றொன்று இத்திருவந்திபுரம் என்பது தற்செயலான பொருத்தம். அங்கிருந்து வடக்கே 1 பாகை 34 கலை 56 விகலை அளவுக்கு அவ்வில் நீண்டது. இவ்வளவையில் ‘மேல்’, ‘கீழ்’ என்பவற்றைத் தீர்மானிப்பது தூக்குக்குண்டு. அருகில் மலையோ, நிலத்தடியில் அடர்ந்த பாறையோ இருந்தால் குண்டு அப்பக்கம் சாயும். சாய்ந்த குண்டைச் செங்குத்து என நம்பினால் அகலாங்கு பிழைபடும். வடக்கே ஜார்ஜ் எவரெஸ்டின் அளவையில் இத்தகைய வேறுபாடு 5.236 விகலையாக வெளிப்பட்டது. இமயமலையின் நிறையைக் கணக்கிட்ட ஜான் பிராட் 1855-இல் அது 15.885 விகலையாக இருந்திருக்க வேண்டும் என்று காட்டினார். மலை எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கே இழுத்திருந்தது. மலைக்கு அடியில் அடர்த்தி குறைந்த பொருள் ஆழமாக இறங்கியிருக்கிறது என்னும் கருத்து இந்த முரணிலிருந்தே வளர்ந்தது.

இடைகழியில் நின்ற மூவரும் நான்காமவரை நெருக்கத்தால் அறிந்தது போல, நிலத்தடி நிறையை அதன் விளைவால் மட்டுமே அறியலாம். உவமை இவ்வளவோடு நிற்கட்டும். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இதற்குப் பேரளவான சான்று உள்ளது. அங்கே கடலின் சராசரி மட்டம், புவியைச் சீரான நீள்கோளமாகக் கொண்டு கணிக்கும் மட்டத்தைவிட ஏறத்தாழ 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. டச்சு அறிஞர் வேனிங் மைனஸ் 1948-இல் கப்பல்வழி ஈர்ப்பு அளவையில் இதனைக் கண்டறிந்தார். கப்பலில் செல்பவர் பள்ளத்தில் இறங்குவதை உணரமாட்டார். ஏனெனில் நீர்ப்பரப்பு எங்கும் தூக்குக்குண்டுக்குச் செங்குத்தாகவே இருக்கிறது. கடல்நீர் பக்கங்களிலிருந்து ஓடிவந்து அப்பள்ளத்தை நிரப்பாததற்கும் காரணம் இதுவே. ஈர்ப்பைப் பொறுத்தவரை அது பள்ளமே அன்று. ஆழத்தில் அடர்த்தி குறைவாக இருப்பதால் நீரை அங்கே இழுத்து நிறுத்த நிறை போதவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட கணினி மாதிரி, ஆப்பிரிக்காவின் அடியிலிருந்து எழுந்து இப்பக்கம் பரவிய சூடான, இலேசான மூடகப் பொருளே இதற்குக் காரணம் என்கிறது.

‘ஈர்ப்பு’ சொல்வதும் சொல்லாததும்

இதுவரை ‘இழுக்கிறது’ என்னும் வினை தடையின்றிப் பயன்பட்டது. அதனைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய மொழிகளின் சொல் இலத்தீன் கிராவிட்டாஸிலிருந்து வந்தது. அதன் பொருள் கனம். அது நிகழ்வைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. தமிழின் ஈர்ப்போ ஈர்த்தல் என்னும் வினையிலிருந்து வந்தது. ஒன்று மற்றொன்றை இழுக்கிறது என்று காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. நியூட்டனே இவ்வளவு உறுதியாகப் பேசவில்லை. இடையில் எதுவுமின்றி ஒரு பொருள் தொலைவிலுள்ள மற்றொன்றின்மேல் செயற்படும் என்பதை அவர் பெண்ட்லிக்கு எழுதிய கடிதத்தில் ஏற்க மறுத்தார். ஈர்ப்பின் காரணம் பற்றித் தாம் கருதுகோள் எதுவும் புனையவில்லை என்றும் பின்னர் எழுதினார். ஆக, இவ்விடத்தில் தமிழ்ச்சொல் நியூட்டனைவிட நியூட்டன்வாதியாக நிற்கிறது.

நியூட்டனின் விதியில் நிறை இருமுறை தோன்றுகிறது. பொருளைப் புவி எவ்வளவு இழுக்கும் என்பதை ஒரு நிறை தீர்மானிக்கிறது. அவ்விழுப்புக்கு அப்பொருள் எவ்வளவு அசைய மறுக்கும் என்பதை மற்றொரு நிறை தீர்மானிக்கிறது. இரண்டும் சமமாக இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் அவ்விதிக்குள் இல்லை. ஆனால் சமமாகவே இருக்கின்றன. அதனால்தான் கல்லும் இறகும் வெற்றிடத்தில் ஒன்றாக விழுகின்றன. 2016-இல் ஏவப்பட்ட மைக்ரோஸ்கோப் செயற்கைக்கோளின் இறுதி முடிவு 2022-இல் வெளிவந்தது. பத்தின் பதினைந்தாம் அடுக்கில் ஒரு பங்கு நுட்பம் வரை அதிலும் வேறுபாடு தென்படவில்லை.

இச்சமன்பாட்டைத் தற்செயல் என ஐன்ஸ்டைன் கருதவில்லை. தடையின்றி விழுபவர் தம் எடையை உணரமாட்டார் என்னும் எண்ணம் அவருக்கு 1907-இல் தோன்றியது. எல்லாப் பொருளும் ஒரே வகையாக விழுகின்றன என்றால், விழும் வழி பொருளுக்கு உரியது அன்று, வெளிக்கு உரியது. விழும் பொருளின்மேல் விசை எதுவும் இல்லை. காலமும் வெளியும் சேர்ந்த காலவெளியில் இயன்ற அளவு நேரான பாதையில் அது செல்கிறது. அப்பாதையை வளைப்பது அருகிலுள்ள நிறை. தரையில் நிற்பவர்மேல் செயற்படும் உண்மையான விசை ஒன்றே: தரை அவரை மேல்நோக்கித் தாங்கும் விசை. விழுதல் இயல்பு, விழாமல் நிற்பதற்கே விசை தேவை.

இங்கே எடை என்னும் பழஞ்சொல் எதிர்பாராத பொருத்தம் பெறுகிறது. எடுத்தலில் பிறந்த அச்சொல், தூக்கும் கையையோ தாங்கும் தரையையோ சுட்டுகிறதே தவிர, புவியின் இழுப்பைச் சுட்டவில்லை. எடுப்பார் இல்லையேல் எடையும் இல்லை. இதைச் சொல்லை உருவாக்கியவர்களின் இயற்பியல் அறிவாகக் கொள்வது பொருந்தாது. அன்றாட அனுபவத்தைக் காரணம் கற்பியாமல் பெயரிட்டதன் பயன் என்பதே சரி.

நிறை வெளியை வளைப்பதை விளக்கத் தமிழ் அறிவியல் நூல்களில் ரப்பர் விரிப்பு உவமை மிகுதியாக வழங்குகிறது. விரித்த ரப்பரின் நடுவில் இரும்புக் குண்டை வைத்தால் பள்ளம் விழும். சிறு கோலி அதை நோக்கி உருளும். இவ்வுவமையில் இரு குறைகள் உள்ளன. குண்டு கீழே அழுந்துவதும் கோலி சரிவில் இறங்குவதும் புவியீர்ப்பாலேயே. விளக்க வேண்டியதை முன்பே ஏற்றுக்கொண்டு உவமை நடக்கிறது. இரண்டாவது குறை இதனினும் பெரியது. உவமை வெளியின் வளைவை மட்டும் காட்டுகிறது, காலத்தை விட்டுவிடுகிறது. ஆனால் மாங்காய் விழுவதற்கும் தென்பெண்ணை பள்ளம் நோக்கி ஓடுவதற்கும் காரணம் ஏறக்குறைய முழுவதும் காலத்தின் மாறுபாடுதான். நிறைக்கு அருகே காலம் மெதுவாகச் செல்கிறது. கல்வராயன் மலையில் 800 மீட்டர் உயரத்தில் வைத்த கடிகாரம், திருக்கோவிலூரில் வைத்ததைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 7.5 நானோவினாடி முந்தும். அதாவது வினாடியின் நூறு கோடியில் ஏழரைப் பங்கு. இவ்வளவு நுண்ணிய வேறுபாடே பொருள்களைக் கீழ்நோக்கி வரச்செய்யப் போதுமானது. அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் 2010-இல் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் உயர வேறுபாட்டிலேயே ஒளியியல் கடிகாரங்கள் இவ்விளைவைக் காட்டின.

வெளியின் பங்கு வெளிப்படுவது ஒளியில். காலத்தின் மாறுபாட்டை மட்டும் கொண்டு கணக்கிட்டால், சூரிய விளிம்பை ஒட்டிவரும் விண்மீன் ஒளி 0.87 விகலை வளைய வேண்டும். நியூட்டன் வழிக் கணக்கும் இதையே தரும். வெளியின் வளைவையும் சேர்த்தால் இருமடங்காகி 1.75 விகலை ஆகிறது. எனவே 1919 மே 29 கிரகணத்தின்போது எடிங்டன் குழுவினர் அளந்தது, சரியாகச் சொன்னால், வெளிக்கும் இதில் பங்குண்டா என்பதையே. உண்டு என்றே விடை வந்தது. தமிழகத்தின் கொடைக்கானல் ஆய்வகத்திலும் இக்கொள்கை சோதிக்கப்பட்டது. அதன் இயக்குநர் ஜான் எவர்ஷெட், சூரிய நிறமாலைக் கோடுகள் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு அளவுக்குச் சிவப்புப் பக்கம் நகர வேண்டும் என்னும் ஐன்ஸ்டைனின் கணிப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். சூரிய வளிமங்களின் இயக்கமும் கோடுகளை நகர்த்துவதால் இரண்டையும் பிரிப்பது கடினமாக இருந்தது. 1922-இல் ஒளிவளைவை அளக்க அவர் ஆஸ்திரேலியாவுக்கு மேற்கொண்ட கிரகணப் பயணம் கருவிக் கோளாறால் பயனளிக்கவில்லை.

சொல்லாட்சி குறித்து

ஈர்ப்பு என்னும் சொல்லை மாற்ற வேண்டும் என்பது இவ்விளக்கத்தின் முடிவன்று. ஈர்ப்பியல் என்பது தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்பு நூலின் இயல் தலைப்பாகவே நிலைத்துவிட்டது. புவியீர்ப்பு என்னும் தொடர் இலங்கைக்கும் பொது. சூரியன் உதிக்கிறது என்று சொல்வதால் எவரும் புவி சுற்றுவதை மறுப்பதில்லை. எனினும் பொதுச் சார்பியலைப் பேசும் இடங்களில் ‘நிறை காலவெளியை ஈர்க்கிறது’ போன்ற தொடர்கள் நூல்களில் புகுவதைத் தவிர்த்தல் வேண்டும். நிறை காலவெளியை வளைக்கிறது, எதையும் ஈர்ப்பதில்லை.

நிறையின் நிலை வேறு. இங்கே ஒரு தரப்பு மற்றொரு தரப்புக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கோருவது நடைமுறைக்கு ஒவ்வாது. இரண்டு கல்வி அமைப்புகளில் பல தலைமுறைகள் பயின்ற வழக்குகள் இவை. இயலக்கூடியது, முதல் ஆட்சியிலேயே இணைச்சொல்லைத் தருவது. தமிழ்நாட்டில் எழுதுவோர் ‘நிறை (திணிவு)’ என்றும், இலங்கையில் எழுதுவோர் ‘நிறை (எடை)’ என்றும் ஒருமுறை குறித்துவிட்டால் போதும். இணைய ஆய்விதழ்களுக்கு இது சிறப்பாகப் பொருந்தும். அவற்றின் கட்டுரைகளை மதிப்பிடுவோரும் படிப்போரும் கடலின் இரு கரைகளிலும் இருக்கின்றனர். ‘திருக்கோவிலூரில் நிறுத்த மூட்டையின் நிறை கல்வராயன் மலைமேல் 8 கிராம் குறைகிறது’ என்னும் தொடரை எழுதி ஒரு கட்டுரை அனுப்பப்பட்டால், யாழ்ப்பாணத்து மதிப்பீட்டாளர் அதன் அலகை மட்டும் திருத்தி ஏற்றுக்கொள்வார். விழுப்புரத்து மதிப்பீட்டாளர் கட்டுரையையே திருப்பி அனுப்புவார்.